முதல் வகுப்பாசிரியர்க்கு முதலில் வேண்டுவது செவி

(தொடக்கப்பள்ளி ஆசிரியராவதற்கான பட்டயப் படிப்பில் பயின்றுவரும் மாணாக்கரிடையே, பணி நிறைவுற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்களை வாழ்த்திப் பேசுமாறு என்னை அழைத்திருக்கின்றார்கள். வாழ்த்துவதற்கு முன் ஒன்று கேட்க விரும்புகின்றேன். உங்களுள் எத்துணைப் பேர் இப்படிப்பை விரும்பி வந்தீர்கள்? கை தூக்க வேண்டா. என் காலத்திலும் இப்படித்தான். மருத்துவம் பயில இடம் கிடைக்காதவரும், பொறியியல் பயிலப் பொருள் இல்லாதவரும், வீட்டார் சொல்லைத் தட்ட மாட்டாமல் வந்தவருமாகவே எங்கள் வகுப்பு நிறைந்திருந்தது. நானும் விரும்பி வந்தவன் அல்லேன். என் தந்தையார்க்கு என்னை மேற்கொண்டு படிக்க வைக்க வழியில்லை. இரண்டாண்டுப் பயிற்சி முடித்தால் திங்கள்தோறும் சம்பளம் வரும் என்று உறவினர் ஒருவர் சொன்னார், சேர்ந்துவிட்டேன். ஆகையால் விரும்பாமல் வந்தவரை நான் இழிவாக எண்ணுவதில்லை. விரும்பாமல் வந்து, விரும்பாமலேயே முப்பதாண்டுகள் வகுப்பறையில் அமர்ந்திருந்துவிட்டுப் போகின்றவர்களைப் பற்றியே எனக்குக் கவலை.

நம் குமுகாயத்தில் ஒரு வேடிக்கையைப் பார்க்கின்றோம். கற்பிக்கப்படுகின்றவரின் அகவை கூடக்கூடக் கற்பிப்பவரின் பெருமையும் கூடுகின்றது. கல்லூரிப் பேராசிரியர் வந்தால் நாற்காலி போடுகின்றார்கள். முதல் வகுப்பாசிரியர் வந்தால், "ஓ, ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கின்றவரா?" என்கின்றார்கள். பேராசிரியரிடம் வருகின்ற மாணாக்கன் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவன். அவர் ஒரு நாள் வராவிட்டாலும் நூலகத்திற்குப் போய்த் தானே கற்றுக்கொள்வான். உங்களிடம் வரும் ஐந்து அகவைக் குழந்தைக்கு நூலகம் எது? உங்கள் வாயும் முகமுமே அதற்கு நூலகம்.

இப்பணி தனியொரு கலை என்பதை அரசும் நெடுங்காலம் தெளிவாக உணர்ந்திருக்கவில்லை. மேல்வகுப்புகளுக்குக் கற்பிப்பதற்கான கல்வியியல் பட்டம் பெற்றவர்களும் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று 2018ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்திய உச்ச முறைமன்றம் 2023 ஆகசுட்டு 11ஆம் நாள் அதனைச் செல்லாது என்று தீர்த்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திறம் வேறு, அதற்கான பயிற்சியும் வேறு என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. பட்டம் பெரியதா, பட்டயம் பெரியதா என்னும் வழக்காக அதனைப் பலர் பேசினார்கள். நீங்கள் அவ்வாறு கொள்ள வேண்டா. உங்கள் கையில் இருப்பது வேறெவரிடமும் இல்லாத ஒரு தொழில் என்று முறைமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. அத்தொழில் உண்மையாகவே உங்கள் கையில் இருக்கின்றதா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அத்தொழில் யாது? எழுத்தறிவிப்பதையே எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுத்து 247 என்று கணக்குச் சொல்லிக் குழந்தையை அச்சுறுத்துகின்றவர்கள் உளர். ட, ப, ம என்னும் மூன்றே எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். டகரத்தின் வலப்பக்கம் ஒரு கோடு சேர்த்தால் பகரம். பகரத்தின் வலக்கோட்டைச் சுழித்தால் மகரம். கை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்கின்றது. இம்மூன்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களைக் குழந்தை தானே படித்துவிடும். ககரத்தைச் சேர்த்தால் பக்கம், கட்டம், கம்பம் ஆகியவையும் வந்துவிடும். முதல் கிழமையிலேயே, "எனக்குப் படிக்கத் தெரியும்" என்று வீட்டிற்கு ஓடிப்போய்ச் சொல்கின்ற குழந்தை, பிறகு 247 எழுத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இங்கே இன்னொன்றையும் நோக்குங்கள். 'பட்டம்' என்பதிலும் 'படம்' என்பதிலும் டகரம் ஒன்றே; ஒலி ஒன்றில்லை. முன்னதில் வலித்தும் பின்னதில் மெலிந்தும் ஒலிக்கின்றது. 'கம்பம்' என்பதன் நடுவிலுள்ள பகரமும் அவ்வாறே. இதனை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. தாய்மடியிலேயே அதன் நா அதைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டது. எழுத்து பாதியைச் சொல்கின்றது. மீதியைக் குழந்தையின் வாய் நிறைவு செய்கின்றது. அதாவது, நீங்கள் கற்பிக்கத் தொடங்கு முன்பே பாதிப் பாடத்தைக் குழந்தை கொண்டுவந்திருக்கின்றது.

இனிக் கடினமான இடத்திற்கு வருவோம். 'கொ' என்று எழுதியிருக்கின்றோம். குழந்தையின் கண் இடமிருந்து வலமாகச் செல்கின்றது. முதலில் கொம்பு, அடுத்து ககரம், அதற்கடுத்துக் கால். ஒலியோ மெய்யில் தொடங்கி உயிரில் முடிகின்றது. கண் ஒரு வழியில் போக, நா வேறொரு வழியில் போகவேண்டியிருக்கின்றது. கு, பு, து, மு என்னும் நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். உகரம் ஒன்றே, வடிவம் வேறு வேறு. குழந்தை தடுமாறுவது இவ்விடங்களில்தான். தடுமாறுகின்ற இடம் தெரியாத ஆசிரியர், "இவனுக்கு மண்டையில் ஏறவில்லை" என்கின்றார். தெரிந்த ஆசிரியர் அங்கே இரண்டு நாள் கூடுதலாக நிற்கின்றார்.

நமக்கு ஏன் அத்தடுமாற்றம் தெரிவதில்லை? நாம் தடுமாறிய நாளை மறந்துவிட்டோம். இதைப் பற்றி ஒரு செய்தி சொல்கின்றேன். ஆண்டுரூ பெல் என்னும் இசுகாட்லாந்துக் கிறித்தவக் குரு, 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் தாய்தந்தையற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியொன்றை நடத்தினார். அக்கம்பக்கத்தில் நம் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு அகவைச் சிறுவன் ஒருவனைப் பிடித்துக் கீழ்வகுப்பைக் கற்பிக்கச் செய்தார். அவன் செய்து காட்டினான்! 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையால் இது 'சென்னை முறை' என்னும் பெயரோடே இங்கிலாந்து முழுதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகள் அந்நாளில் அரியனவும் அல்ல. தாமசு மன்றோ 1826இல் வெளியிட்ட கணக்கின்படி சென்னை மாநிலத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் எல்லார்க்கும் இடமிருந்ததா என்பது வேறு வழக்கு. அதை இன்னொரு நாள் பேசலாம். பெரியவர்கள் ஒத்துவராத இடத்தில் எட்டு அகவைச் சிறுவனுக்கு எப்படி முடிந்தது என்பதே இங்கு வினா. அவன் நேற்றுத்தான் கற்றுக்கொண்டான். எது கடினம் என்பது அவன் நினைவில் ஈரமாக இருந்தது. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

உங்களால் எட்டு அகவைக்குத் திரும்ப முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். மதுரையை அடுத்த மாங்குளத்திலும் பிற குன்றுகளிலும் நம் முன்னோர் வெட்டிவைத்த பழைய தமிழி எழுத்துகளை ஒரு திங்கள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மொழி நம் மொழியே. எழுத்து மட்டும் புதிது. கற்றபின் ஒரு பக்கத்தை அவ்வெழுத்தில் ஒருவர் எழுத, மற்றவர் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கட்டும். ஒவ்வோர் எழுத்தாக விரல்வைத்து, எழுத்துக்கூட்டி, சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்து, நெற்றி வியர்த்து நிற்பீர்கள். அருகில் ஒருவர் சிரித்தால் எப்படியிருக்கும் என்பதும் தெரியும். முதல் வகுப்புப் பிள்ளையின் ஒவ்வொரு நாளும் அதுதான். இதனைப் பாடத்திட்டத்தில் யாரும் சேர்க்கமாட்டார்கள். நீங்களே செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் நா. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலையே ஒலிகள் பிறக்கும் முறைக்கென ஒதுக்கினார். நீங்கள் அதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். கண்ணாடி முன் நின்று படித்தவர் உண்டா? லகரத்திற்கு நா மேற்பல்லின் அடியைத் தொடுகின்றது. ளகரத்திற்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகின்றது. ழகரத்திற்கு இன்னும் வளைந்து, அண்ணத்தில் அழுந்தாமல் வருடிக்கொண்டு போகின்றது. இதனை நீங்கள் செய்து காட்டினால்தான் குழந்தை பார்க்கும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கான தகுதித் தேர்வு 150 வினாக்களை உடையது. குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என ஒவ்வொன்றுக்கும் முப்பது. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் வினா ஒன்றும் அதில் இல்லை. உங்கள் செவியை ஆய்கின்ற வினாவும் இல்லை.

செவி என்றதும், நான் இத்தனை ஆண்டுகளாக மேடைகளில் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லவேண்டியதாகின்றது.

1974ஆம் ஆண்டு. அன்றைய வடார்க்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர், ஈராசிரியர் பள்ளி. எனக்கு இருபது அகவை. தனித்தமிழ்ப் பற்று நெஞ்சில் கொழுந்துவிட்டு எரிந்த காலம். பேச்சில் ஒரு பிறசொல் விழுந்தாலும் நாவைக் கடித்துக்கொள்வேன். முதல் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் மழைப்படம் ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். எல்லாருக்கும் முன்னதாக ஒரு பெண்குழந்தை துள்ளி எழுந்து, "மய பேயுது" என்றாள். அப்பகுதியில் ழகரம் யகரமாகத்தான் வரும். வாழைப்பழம் என்பது வாயப்பயம். தென்பால் அதுவே ளகரமாகும். இஃது அக்குழந்தையின் குற்றமன்று. அவள் தாய்க்கும் தாய்க்குத் தாய்க்கும் அப்படித்தான் வந்தது.

எனக்கோ தமிழின் சிறப்பெழுத்தே கொலையுண்டதாகப் பட்டது. நிற்க வைத்தேன். "மழை, மழை" என்று முப்பது முறை சொல்லச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அவள் 'மய' என்றே சொன்னாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிப்பை அடக்கவில்லை. சிரித்தால் நாணித் திருந்துவாள் என்றெண்ணினேன். அன்று மாலைக்குள் 'மய' என்பதே அவளுக்குப் பட்டப்பெயராயிற்று. அதன்பின் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு முடிவில் அவள் பெயருக்கு நேரே, 'அறிவு மட்டு' என்று என் கையாலேயே எழுதினேன்.

கோடை விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன் பனந்தோப்பின் வழியாக வந்துகொண்டிருந்தேன். மரங்களுக்கு அப்பால் ஒரு குழந்தைக் குரல். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பனையைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்! குருத்து, ஓலை, ஈர்க்கு, மட்டை, கருக்கு, பன்னாடை, பாளை, குரும்பை, நுங்கு, கொட்டை, தவண், கிழங்கு... ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும் சொன்னாள். கருக்கு கையைக் கிழிக்கும், தொடாதே. தவண் இனிக்கும், கேட்டு வாங்கித் தருகின்றேன். அச்சொற்களுள் நான்கு எனக்குத் தெரியாதவை. தூய தமிழுக்காக அகரமுதலிகளைப் புரட்டிக்கொண்டிருந்த நான், கலப்பேதும் இல்லாத தமிழை வாய்நிறைய வைத்திருந்த ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டிருந்தேன்.

தலைமையாசிரியர் பழைய பயிற்சி பெற்ற முதியவர். அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அவளிடம் போய் அந்த நான்கு சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்" என்றார். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஆண்டு முழுவதும் முயன்றேன். ஏதேனும் கேட்டால் தலையசைப்பாள். சில நாள் மெல்ல ஒரு சொல் சொல்வாள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்ததும் ஒரு கரணியம்தான். அதைக் காட்டி என்னை நானே தேற்றிக்கொண்டதும் உண்டு. 1995இல் வேறொரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மகனைச் சேர்க்க ஒரு தாய் வந்தாள். பெயரைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன். அவளும் என்னைத் தெரிந்துகொண்டாள். படிவத்தில் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பெருவிரலை நீட்டினாள். நான்தான் அவ்விரலைப் பிடித்து மையில் ஒற்றினேன்.

"அப்படியானால் பிள்ளைகள் கொச்சையாகவே பேசட்டும் என்கின்றீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. செந்தமிழ் ஒவ்வொரு குழந்தையின் உரிமை. அதனைக் கொடுக்காமல் அனுப்புகின்றவர் குழந்தையின் பங்கைத் திருடுகின்றவர். கொடுக்கும் வழியைத்தான் பேசுகின்றேன். குழந்தை "மய பேயுது" என்றால், "ஆம், மழை பெய்கின்றது. யார் யார் நனைந்தீர்கள்?" என்று மேலே செல்லுங்கள். அவள் சொன்ன பொருளை ஏற்றுக்கொண்டாயிற்று, செவ்விய ஒலியும் செவியில் விழுந்தாயிற்று, பேச்சும் அறுபடவில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை உங்கள் வாயிலிருந்து தூய ழகரம் விழுந்தால், ஓராண்டில் அவள் நாவும் வளையும். வளையாவிட்டால் மூன்றாம் வகுப்பில் வளையட்டும், என்ன முழுகிப்போயிற்று? செவி நிறைந்த பிறகே நா திருந்தும். நான் அதற்குப்பின் முப்பத்தேழாண்டு பணியாற்றினேன். இம்முறையால் பேசாமல் போன பிள்ளை ஒன்றும் இல்லை. ழகரம் வராமல் போன பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்கள் நன்றாகவே படித்தார்கள்.

நம் இயக்கத்து இளைஞர்கட்குச் சிறப்பாக ஒன்றைச் சொல்லவேண்டும். குழந்தைக்கு முதற்கல்வி தாய்மொழியில்தான் அமையவேண்டும் என்று நாம் முழங்குகின்றோம். ஒன்றிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பும் 1953இல் வெளியிட்ட நூலில் இதனையே வலியுறுத்திற்று. நல்லது. உங்கள் வகுப்பில் நாளை இருளர் வீட்டுக் குழந்தையொன்று வந்து அமரும்; வாகிரிபோலி பேசும் நரிக்குறவர் குழந்தை வரும்; வேலை தேடி வந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளரின் குழந்தை வரும். அவர்களுக்கும் தாய் உண்டு, தாய்மொழி உண்டு. 'படம்', 'பட்டம்' என்பவற்றின் ஒலிவேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை மடியிலேயே கற்றுவந்தது என்றேனே, அவ்வாய்ப்பு அக்குழந்தைக்கு இல்லை. அதற்கு நீங்கள் தனியே சொல்லித் தரவேண்டும். அதன் மொழியில் தண்ணீர், பசி, வலி, அம்மா ஆகிய சொற்களையாவது முதல் நாளே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நம் மொழிக்கு நாம் கேட்கும் உரிமையை நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இன்னொரு குழந்தைக்கு மறுத்துவிட்டு, வெளியே வந்து மேடையில் முழங்க எனக்கு வாய் வராது.

நன்னூலார் தகுதியற்ற ஆசிரியர்க்குச் சொன்ன உவமைகளுள் ஒன்று மடற்பனை. அடிமுதல் மட்டை சூழ்ந்து நிற்கும், யாரையும் ஏறவிடாது, தானாக ஒரு பழம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் அதனை நானும் உருப்போட்டுத்தான் மதிப்பெண் வாங்கினேன்.

வரும் திங்கட்கிழமை முதல் நீங்கள் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லவிருப்பதாக உங்கள் முதல்வர் சொன்னார். பாடக்குறிப்பு, படங்கள், மின்னட்டைகள் எல்லாம் அணியமாக வைத்திருப்பீர்கள். அவற்றோடு எழுதாத குறிப்பேடு ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள். முதல் மூன்று நாளும் அதில் உங்கள் கருத்து எதனையும் எழுத வேண்டா. பிள்ளைகள் விளையாடும்போதும் உண்ணும்போதும் சண்டையிடும்போதும் பேசுகின்ற சொற்களை அப்படியே, அவர்கள் ஒலிக்கின்ற வண்ணமே எழுதுங்கள். யார் பேசவில்லை என்பதையும் எழுதுங்கள். நான்காம் நாள், அச்சொற்களுள் எவற்றை ட, ப, ம, க என்னும் எழுத்துகளால் எழுத முடியும் என்று பாருங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஐந்து மணிப் பேருந்து வரும்வரை இங்குத்தான் இருப்பேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். தமிழி எழுத்துப் பட்டியல் வேண்டுவோர் என் பையிலிருந்து எடுத்துப் படியெடுத்துக்கொள்ளலாம்.